தாராபுரத்தில் பிடுங்காத பல்

நம் ஆட்கள் வீட்டு விசேஷங்களில் பல் டாக்டர் நிம்மதியாகச் சாப்பிட்டதாகச் சரித்திரமே கிடையாது. தட்டைக் கையில் எடுத்ததும் ஒருவர் வந்து வாயைப் பிளந்து கடைவாய்ப் பல்லைக் காட்டுவார். அவரைச் சமாளித்து அனுப்பினால், அடுத்தவர் காலேஜ் படிக்கும் பிள்ளையைக் கையோடு இழுத்துக்கொண்டு வந்து நிற்பார். "டாக்டர், சம்மர்ல ஊருக்கு அனுப்பி வாலன்டியர் பண்ண வச்சா டென்டல் ஸ்கூல்ல சீட் கிடைக்குமா?" பிள்ளை தன் போனைப் பார்த்துக்கொண்டிருக்கும். நம் சாம்பார் ஆறிப்போகும்.

பல் டாக்டர்களான உங்களில் சிலர் இந்த வருடம் முதன்முறையாக ஏதோ ஒரு டென்டல் ஸ்கூலின் அட்மிஷன் கமிட்டியில் உட்காரப் போகிறீர்கள். மற்றவர்கள் உங்கள் கிளினிக்கில் வேடிக்கை பார்க்க வரும் பிள்ளைகளுக்கு சிபாரிசுக் கடிதம் எழுதப் போகிறீர்கள். நான் டல்லாஸ் பக்கம் ரிச்சர்ட்சனில் பல் கிளினிக் நடத்தி, அதை விற்றுவிட்டு, இப்போது தக்காளிச் செடிக்குத் தண்ணீர் ஊற்றிக்கொண்டிருப்பவள். நடுவில் பல வருடங்கள் ஒரு கமிட்டியில் இருந்தேன். எந்த ஸ்கூல் என்று கேட்காதீர்கள், சொல்ல மாட்டேன். அந்த வருடங்களில் என்னைப் போட்டுக் குடைந்த கேள்வி இந்த வெளிநாட்டு சேவைதான். அது உதவுமா, உதவாதா? இன்றைக்கும் எனக்கு ஒரே வார்த்தையில் பதில் சொல்லத் தெரியவில்லை. ஆனால் அந்தக் கேள்வியோடு சுற்றியதில் சில விஷயங்களைப் பார்த்தேன். அதைத்தான் சொல்லப் போகிறேன்.

எங்கள் கமிட்டிக்குத் தலைவியாக இருந்தவர் மேற்கு டெக்ஸாஸ்காரர். வீட்டில் மாடு வளர்ப்பவர், மீட்டிங்குக்கு பூட்ஸோடு வருவார். ஒரு மாணவன் எங்கோ மலைநாட்டுக்குப் போய் ஏழைகளுக்குப் பல் பார்த்தான் என்று நாங்கள் உருகி உருகிப் படிப்போம். அவர் கண்ணாடியைக் கழற்றி வைத்துவிட்டு, "எல்லாம் சரி, திரும்பி வந்த அடுத்த சனிக்கிழமை இந்தப் பையன் எங்கே இருந்தான்?" என்பார். பாதிப் பேருக்கு அந்தச் சனிக்கிழமைக்குப் பதில் இருக்காது. விமானம் ஏறிப் போய்ச் சேவை செய்தவர்கள், பத்து நிமிடம் காரில் போனால் இருக்கும் இலவச கிளினிக் பக்கம் எட்டிக்கூடப் பார்த்திருக்க மாட்டார்கள். முதலில் எனக்கு அந்த அம்மா மேல் கோபம் வந்தது. சின்னப் பிள்ளைகளைப் போய் இப்படிக் குறுக்கு விசாரணை செய்கிறாரே என்று நினைத்தேன். பிறகு நானே அப்படிப் பார்க்க ஆரம்பித்துவிட்டேன்.

ஆனால் அவர் கேள்வி மட்டும் எனக்குப் போதவில்லை. போன இடத்தில் என்னதான் நடந்தது என்று தெரிந்துகொள்ள எனக்கு அடங்காத ஆர்வம். ஒருமுறை இன்டர்வியூவில் ஒரு பையன் "குழந்தைகளின் சிரிப்பு என் வாழ்க்கையை மாற்றிவிட்டது" என்று மனப்பாடமாக ஒப்பித்தான். அந்தக் குழந்தைகளில் ஒன்றின் பெயரையாவது சொல்லேன் என்றேன். திருதிருவென்று விழித்தான். நல்ல பையன்தான், பாவம், அவனுக்கு யாரோ எழுதிக் கொடுத்திருந்தார்கள். அதே நாளில் இன்னொருவன் வந்தான். அவனிடம் வாய்க்கு வந்தபடி ஒன்றைக் கேட்டுவைத்தேன். "அங்கே உன்னை எதைச் செய்ய விடவில்லை?"

அவன் சிரித்தான். எதையுமே விடவில்லை, மூன்று நாளும் கருவிகளைக் கழுவிக் கொதிக்க வைத்தேன் என்றான். கருவிகள் குறைவு, கூட்டம் அதிகம், மதியத்துக்குள் வரிசை அப்படியே நின்றுவிடும். வெளியே போய் மீதிப் பேரை நாளைக்கு வரச் சொல் என்று இவனை அனுப்பியிருக்கிறார்கள். கடைசி நாளும் அப்படியே சொல்லி அனுப்பினார்களாம். "நாளைக்கு நாங்க அங்க இருக்க மாட்டோம்னு எனக்குத் தெரியும். இருந்தாலும் சொன்னேன். மலையிலேருந்து நடந்து வந்தவங்க தலையை ஆட்டிட்டுப் போனாங்க," என்றான். யாரும் கேட்காமல் தானாகச் சொன்னான். அவனுக்கு இடம் கொடுத்தோம். அதிலிருந்து வெளிநாடு போய் வந்த எல்லோரிடமும் நான் அந்த ஒரே கேள்வியைக் கேட்கத் தொடங்கினேன். விதவிதமான பதில்கள் வந்தன. அவற்றில் நான் கொஞ்சமும் எதிர்பார்க்காத பதில், நான் கமிட்டியை விட்டு வந்தபிறகு என் வீட்டு அடுப்படியிலேயே கிடைத்தது.

ஓய்வு பெற்றபின் தெரிந்தவர்கள் வீட்டுப் பிள்ளைகளுக்கு இன்டர்வியூ ஒத்திகை நடத்திக் கொடுப்பேன். கமிட்டியில் இருக்கும்போது இதைச் செய்யக்கூடாது, நீங்களும் செய்யாதீர்கள். இர்விங்கிலிருந்து கோகிலா தன் மகள் வர்ஷாவை ஒரு ஞாயிற்றுக்கிழமை காலையில் அழைத்து வந்தாள். கோகிலாவுக்குத் தாராபுரம் பக்கம். ஐ.டி. வேலை. கணவர் நியூஜெர்சி ப்ராஜெக்டில் மாட்டிக்கொண்டு வாராவாரம் பறந்து வருபவர். வர்ஷா இங்கேயே பிறந்து வளர்ந்தவள். நாம் தமிழில் பேசினால் எல்லாம் புரியும், பதில் மட்டும் இங்கிலீஷில் வரும். அதனால் அவள் சொன்னதையெல்லாம் நான் தமிழாக்கித்தான் தருகிறேன். போன வருடம் அப்ளை பண்ணி எங்கும் கிடைக்கவில்லை. இந்த வருடம் ஒரே ஒரு ஸ்கூலிலிருந்து இன்டர்வியூ வந்திருக்கிறது. அதுவும் வருகிற வியாழக்கிழமை.

"இந்தத் தடவை கண்டிப்பா கிடைச்சிருமுங்க்கா," என்று கோகிலா ஒப்பட்டு டப்பாவை, அதாவது போளியை, மேஜைமேல் வைத்தாள். "எங்கண்ணன் ஊர்ல பல்லு கிளினிக் வச்சிருக்காருங்க. சம்மர்ல அவர் நடத்துன கேம்ப்ல என்ற பொண்ணு பல்லே புடுங்கியிருக்கா. அமெரிக்கால இருக்கற எந்தப் புள்ளைக்குங்க்கா அந்த சான்ஸ் கிடைக்கும்?"

அப்ளிகேஷனை வாங்கிப் பார்த்தேன். கட்டுரையில் அது நட்டநடுவில் இருந்தது. என் மாமாவின் மேற்பார்வையில், ஒரு தறித் தொழிலாளிக்கு, முதன்முறையாகப் பல் பிடுங்கினேன். படிப்பில் சேரவே சேராத ஒருத்தி ஒரு மனிதனின் வாய்க்குள் பல் பிடுங்கும் குறடு ஒன்றை நுழைத்திருக்கிறாள். டல்லாஸில் செய்தால் போலீஸ் வரும் காரியம், தாராபுரத்தில் செய்தால் சாதனையா என்றுதான் எந்தக் கமிட்டியும் கேட்கும். எங்கள் பூட்ஸ் அம்மா கையில் கிடைத்திருந்தால் அந்தப் பக்கத்தோடு மூடி வைத்திருப்பார். நம் குடும்பங்களுக்கு இது புரிவதே இல்லை. மாமா டாக்டர், கிளினிக் மாமாவுடையது, மருமகள் கை வைத்தால் என்ன என்று நினைக்கிறோம். அந்த வாய் யாருடையது என்று யோசிப்பதில்லை.

சத்தம் போடலாம் என்று வாயெடுத்தேன். எப்படியோ அடக்கிக்கொண்டேன். எப்படி இன்டர்வியூவுக்குக் கூப்பிட்டார்கள் என்பது வேறு குடைந்தது. படித்தவர் கவனிக்கவில்லையா, அல்லது நேரில் கேட்கலாம் என்று வைத்திருக்கிறார்களா? கோகிலாவை ஹாலில் உட்கார வைத்துவிட்டு, வர்ஷாவை அடுப்படி மேஜைக்கு அழைத்துப் போனேன். என் வீட்டில் ஹாலுக்கும் அடுப்படிக்கும் சுவர் கிடையாது. எல்லாம் காதில் விழும்.

"அங்கே உன்னை எதைச் செய்ய விடவில்லை?" என்றேன்.

"எல்லாமே செய்ய விட்டாங்க ஆன்ட்டி," என்றாள். சொல்லும்போது சந்தோஷமே இல்லை.

"பல்லை எடுத்தபோது அந்த ஆளுக்கு எந்தப் பக்கம் நின்றாய்?"

நீங்கள் எல்லோரும் முதல் பல் எடுத்தவர்கள்தான். எந்தப் பக்கம் நின்றோம், எந்தக் கையால் தாடையைத் தாங்கினோம், எல்லாம் நமக்கு இன்றைக்கும் ஞாபகம் இருக்கிறதல்லவா? அவள் இடப்பக்கம் என்றாள், பிறகு இல்லை, வலப்பக்கம் என்றாள். பிறகு கையை மடியில் வைத்துக்கொண்டு தலையைக் குனிந்தாள். "நான் எடுக்கலை ஆன்ட்டி," என்றாள்.

எனக்கு வந்த கோபமெல்லாம் போன இடம் தெரியவில்லை. மிச்சமிருந்தது ஆர்வம்தான். தப்புச் செய்தவர்கள் செய்யவில்லை என்று சாதிப்பதை நிறையப் பார்த்திருக்கிறேன். தப்பே செய்யாத ஒருத்தி, செய்தேன் என்று எழுதிக் கையெழுத்துப் போட்டதை அப்போதுதான் பார்த்தேன். என்னதான் நடந்தது என்று கேட்டேன்.

மாமா ஊர்ப் பள்ளிக்கூடத்தில் கேம்ப் போட்டிருக்கிறார். வாசலில் ஃப்ளெக்ஸ் பேனர். வர்ஷா இங்கே ஞாயிற்றுக்கிழமைத் தமிழ்ப் பள்ளியில் எழுத்துக் கூட்டிப் படிக்கக் கற்றவள். பேனரில் தன் படத்துக்குக் கீழே கூட்டிக் கூட்டிப் படித்திருக்கிறாள். அமெரிக்காவிலிருந்து வருகை தரும் டாக்டர் வர்ஷா. அதைப் பார்த்ததுமே அவளுக்கு என்னவோ போலாகிவிட்டது. காலை முழுக்க டோக்கன் கொடுத்தாள், பஞ்சு எடுத்துக் கொடுத்தாள். மதியம் ஒரு தறிக்காரர் வந்து உட்கார்ந்தார். முன்பல் ஆடிக்கொண்டிருந்தது. மரத்துப்போகும் ஊசியைப் போட்டுவிட்டு, மாமா எல்லோருக்கும் கேட்கும்படி, "இதை எங்க அமெரிக்கா டாக்டர் எடுப்பாங்க," என்று குறட்டை அவள் கையில் கொடுத்தார். சொந்தக்காரர்கள் போனைத் தூக்கி வீடியோ எடுக்க ஆரம்பித்தார்கள். அந்த ஆள் இவளைப் பார்த்துக் கையெடுத்துக் கும்பிட்டு, "வலிக்காம எடுங்க டாக்டரம்மா," என்றார்.

"நான் என்ன பண்றதுன்னு தெரியாம நின்னேன் ஆன்ட்டி. அப்புறம் தமிழ்லயே சொல்லிட்டேன். நான் டாக்டர் இல்லைங்க, இன்னும் படிக்கவே சேரலைன்னு. ரொம்ப சத்தமா சொல்லிட்டேன்."

சுற்றி நின்றவர்கள் சிரித்திருக்கிறார்கள். யாரோ பேனரைக் காட்டி ஏதோ சொல்லியிருக்கிறார்கள். மாமா குறட்டை வாங்கி, தானே பல்லை எடுத்துவிட்டு, அதன்பிறகு அன்று முழுவதும் அவளிடம் பேசவில்லை. வீட்டுக்கு வந்ததும் அத்தை அழுதாள். ஊரில் மாமாவுக்கு இருந்த மரியாதை போயிற்று என்றாள். கிளம்பும்போது மாமா ஏர்போர்ட்டுக்கு வரவில்லை. தாய்மாமன் வழியனுப்ப வராமல் அந்தக் குடும்பத்தில் யாரும் விமானம் ஏறியதில்லையாம்.

"அப்புறம் ஏன் எடுத்தேன்னு எழுதினே?"

"உண்மையை எழுதினா பயந்துட்டேன்னு நினைப்பாங்கன்னு அம்மா சொன்னாங்க. எனக்கும் அப்படித்தான் தோணிச்சு. ஒரு ஆடுற பல்லு. எல்லாரும் பார்க்கறாங்க, நான் உறைஞ்சு போயிட்டேன். இப்படிப்பட்டவ எப்படி டென்டிஸ்ட் ஆவான்னு கேப்பாங்க இல்லே?" என்று நிமிர்ந்து என்னைப் பார்த்தாள். "டைப் பண்ணது நான்தான் ஆன்ட்டி. அம்மாமேல பழி போட மாட்டேன்."

சொல்லுங்கள், நான் என்ன செய்திருக்க வேண்டும்? இந்தப் பெண் ஊர் கூடி நிற்க, வீடியோ ஓட, சொந்த மாமன் கொடுத்ததைத் திருப்பிக் கொடுத்திருக்கிறாள். நோயாளியிடம் அவருடைய பாஷையில் உண்மையைச் சொல்லியிருக்கிறாள். நமக்கு நான்கு வருடம் பாடம் எடுத்தும் சிலருக்கு வராத புத்தி அது. அதைக் கோழைத்தனம் என்று நினைத்து மறைத்து, செய்யாத தப்பைப் பெருமையாக எழுதி வைத்திருக்கிறாள். அதோடு நின்றால் பரவாயில்லை. இப்போது அப்ளிகேஷனில் இருப்பது பொய். வியாழக்கிழமை அதைக் காப்பாற்றினால் நோயாளி வாயில் கை வைத்தவள் ஆவாள். உண்மையைச் சொன்னால் பொய் எழுதினவள் ஆவாள். இரண்டில் எதைச் செய்தாலும் சீட் போகலாம். இருக்கிற இன்டர்வியூவும் அந்த ஒன்றுதான்.

நான் நினைத்ததை அப்படியே சொன்னேன். நானாக இருந்தால் திங்கட்கிழமையே ஸ்கூலுக்கு எழுதி, அந்த வரி உண்மையில்லை, நடந்தது இதுதான் என்று சொல்லிவிடுவேன். அதனால் இடம் கிடைக்கும் என்று வாக்குக் கொடுக்க முடியாது, போகவும் போகலாம் என்றேன். வர்ஷா தலையாட்டினாள். அதற்குள் ஹாலிலிருந்து கோகிலா எழுந்து வந்துவிட்டாள். முகம் சிவந்திருந்தது.

"அதெப்படிங்க்கா எழுதறது? எழுதுனா எங்கண்ணன் படிக்காத புள்ள கையில குறட்டைக் குடுத்தாருன்னு எழுதணும். ஊர்ல அவரை அவமானப்படுத்துனது போதாதுன்னு, இங்க அமெரிக்காக்காரன் முன்னாடியும் காட்டிக் குடுக்கணுமா?"

"மாமா பண்ணது தப்புத்தானேம்மா," என்றாள் வர்ஷா. இது மட்டும் தமிழில் வந்தது.

"அவர் பாசத்துல பண்ணாருடி!"

"எனக்கு அந்தப் பாசம் வேணாம். ஆறு மாசமா எங்கிட்ட பேசக்கூட இல்லை அவர்."

இருவரும் என் அடுப்படியில் நின்று கத்திக்கொண்டார்கள். நான் ஒப்பட்டை ஒரு தட்டில் எடுத்து வைத்துக்கொண்டு நின்றேன், யார் சாப்பிடுவது? எனக்குத் தோன்றியதைச் சொன்னேன். மாமாவைப் பற்றி எழுதப்போகிறாய் என்றால் முதலில் அவரிடம் சொல், அவர் என்ன சொல்கிறார் என்று கேள் என்றேன். உண்மையைச் சொன்னால் இதில் என் ஆர்வமும் கலந்திருந்தது. அந்த மனிதர் எப்படிப்பட்டவர் என்று தெரிந்துகொள்ள ஆசைப்பட்டேன். கோகிலா வேண்டாம் வேண்டாம் என்று தடுத்தாள். அவள் குரலில் இருந்தது கோபமில்லை, பயம். நான் அதைக் கவனித்தேன், ஆனால் காரணம் புரியவில்லை.

வர்ஷா போனை மேஜைமேல் வைத்து ஸ்பீக்கரில் போட்டாள். அங்கே ராத்திரிச் சாப்பாட்டு நேரம். பாத்திரச் சத்தம் கேட்டது. மாமா எடுத்ததும், "அம்மிணி," என்றார். பிறகு அவள் உடைந்த தமிழும் இங்கிலீஷுமாகச் சொன்னாள். தப்பா எழுதிட்டேன் மாமா, திருத்தி எழுதப் போறேன், உங்களைப் பத்தியும் சொல்ல வேண்டி வரும், சொல்லலாமா?

"சொல்லு அம்மிணி," என்றார் அவர். "நடந்ததை அப்படியே சொல்லு. கொறட்டைக் குடுத்தது நான்தான். பேனர் வச்சதும் நான்தான். யாரும் சொல்லி நான் செய்யலை. எனக்குத்தான் புத்தி கெட்டுப்போச்சு. ஏர்போர்ட்டுக்கு வராததும் கோவத்துல இல்ல சாமி. எந்த மூஞ்சிய வச்சுக்கிட்டு வர்றதுன்னுதான் வரலை."

எனக்கு அந்த மனிதரைப் பிடித்துப்போயிற்று. வர்ஷா கண்ணைத் துடைத்துக்கொண்டாள். விஷயம் முடிந்தது என்று நினைத்து நான் போன் பக்கம் கையை நீட்டினேன்.

"போதுங்ணா," என்றாள் கோகிலா.

அவள் ஃப்ரிட்ஜில் சாய்ந்து நின்றுகொண்டிருந்தாள். அந்தப் பக்கம் மாமா, "கோகிலா, நீ சும்மா இரு," என்றார், அவசரமாக. "அம்மிணி, நீ போனை வையி. நான் அப்புறம் கூப்பிடறேன்."

"இல்லீங்ணா. எத்தனை நாளைக்கு நீங்களே ஏத்துக்குவீங்க?" என்று சொல்லிவிட்டு அவள் மகளைப் பார்த்தாள். "மாமாவை நான்தான்டி கேட்டேன். அவர் வேண்டாம்னுதான் சொன்னார். படிக்காத புள்ளை கையில குடுக்கக் கூடாது கோகிலான்னார். நான்தான் விடலை. போன வருஷம் உனக்கு எங்கயுமே கிடைக்கலையேன்னு ஒரு பல்லாவது எடுக்க வைங்கணா, போட்டோ எடுத்து அனுப்புங்கன்னு அழுதேன். தங்கச்சி அழறாளேன்னு செஞ்சாரு. அவரை ஊர் சிரிச்சது என்னாலதான்."

வர்ஷா அம்மாவையே பார்த்துக்கொண்டிருந்தாள். ஆறு மாதமாக மாமாமேல் வைத்திருந்த கோபத்தை இப்போது எங்கே கொண்டுபோய் வைப்பது என்று அவளுக்குத் தெரியவில்லை. எனக்கும் தெரியவில்லை. நான் அடுப்பைப் பற்ற வைத்து டீ போட்டேன். அதைவிட உருப்படியாக எனக்கு ஒன்றும் தோன்றவில்லை.

திங்கட்கிழமை வர்ஷா ஸ்கூலுக்கு எழுதினாள். ஸ்கூல்காரர்கள் இன்டர்வியூவை ரத்து செய்யவில்லை. வியாழக்கிழமை போய் வந்து எனக்குப் போன் பண்ணினாள். மற்ற கேள்விகளை விட்டுவிட்டு அதையே சுற்றிச் சுற்றிக் கேட்டிருக்கிறார்கள். பல்லை எடுக்கச் சொன்னது யாருடைய யோசனை என்று ஒருவர் கேட்டாராம். "எங்க குடும்பத்தோட யோசனைன்னு சொன்னேன் ஆன்ட்டி. அதுக்கு மேல சொல்லலை," என்றாள். நடந்த உண்மைக்காக மெச்சுவதா, எழுதிய பொய்க்காக ஒதுக்குவதா என்று அந்த அறையில் என்ன பேசிக்கொண்டார்கள் என்று தெரிந்துகொள்ள எனக்கு இன்றைக்கும் ஆசைதான். கொஞ்ச நாளில் பதில் வந்தது. இடம் இல்லை.

கோகிலா என்னைத் திட்டுவாள் என்று எதிர்பார்த்தேன். நான் சொல்லித்தானே எழுதினாள், கையிலிருந்த ஒன்றும் போயிற்றே. அவள் திட்டவில்லை, பல நாள் கூப்பிடவும் இல்லை. கோயிலில் பார்த்தால் தூரத்திலிருந்து கும்பிட்டுவிட்டு நகர்ந்துவிடுவாள். எனக்கு அது திட்டைவிடக் கஷ்டமாக இருந்தது. வர்ஷா மட்டும் அவ்வப்போது மெசேஜ் அனுப்புவாள். இர்விங்கில் ஒரு இலவச கிளினிக்கில் சனிக்கிழமைதோறும் போய்க்கொண்டிருந்தாள். நாற்காலி துடைப்பது, வருகிறவர்களுக்குத் தைரியம் சொல்வது, அவ்வளவுதான். அதைப் பெரிதாகச் சொல்லிக்கொள்ளவும் இல்லை.

அடுத்த வருடம் மறுபடியும் அப்ளை பண்ணினாள். அந்த வருடம் டெக்ஸாஸிலேயே ஒரு ஸ்கூலில் இடம் கிடைத்தது. எதற்காகக் கிடைத்தது என்று என்னைக் கேட்காதீர்கள். சனிக்கிழமைகளுக்காக இருக்கலாம். மார்க்கு ஏறியிருந்தது, அதற்காக இருக்கலாம். தாராபுரத்துக்காகவும் இருக்கலாம். அந்த மாதிரி அறைகளில் அத்தனை வருடம் உட்கார்ந்த எனக்கே, ஒருவரை எந்த இடத்தில் எங்களுக்குப் பிடித்துப்போனது என்று பல தடவை சொல்லத் தெரிந்ததில்லை.

சேதி வந்த அன்று கோகிலா கூப்பிட்டாள். சந்தோஷமாகத்தான் ஆரம்பித்தாள், பாதியில் குரல் இறங்கிவிட்டது. "இந்தத் தடவை அவ எழுதுனதை நான் படிக்கவே இல்லீங்க்கா. வேணும்னே ஒதுங்கிட்டேன். உங்களுக்கு அனுப்பியிருப்பா இல்லீங்க? என்னைப் பத்தி என்ன எழுதியிருக்கா?"

அனுப்பியிருந்தாள். மகளைக் கேட்காமல் சொல்வது சரியா என்று யோசித்தேன். வர்ஷா பக்கத்தில்தான் இருக்கிறாளா என்று கேட்டேன். இருந்தாள். "படிங்க ஆன்ட்டி," என்று அவள் குரல் கேட்டது.

கேம்ப், பேனர், தறிக்காரர், திருப்பிக் கொடுத்த குறடு, தான் எழுதிய பொய் எல்லாம் அதில் சுருக்கமாக இருந்தன. மாமாவை எங்கும் குறை சொல்லவில்லை. அம்மாவைப் பற்றி இருந்தது கடைசியில்தான். நான் இங்கிலீஷில் இருந்ததை அப்படியே தமிழில் சொன்னேன். "ஒரு தப்பைத் தன்னுடையது என்று ஒப்புக்கொள்வது எப்படி என்பதை நான் அந்த கேம்பில் கற்கவில்லை. திரும்பி வந்தபிறகு என் அம்மாவிடம் கற்றேன். அவரை யாரும் கேட்கவில்லை. அவருக்காக இன்னொருவர் பழியை ஏற்றுக்கொண்டாகிவிட்டது. பேசாமல் இருந்திருக்கலாம். அவர் பேசினார். ஒரு நோயாளி விஷயத்தில் நான் தப்புச் செய்கிற நாளும் வரும். அன்றைக்கு நான் என் அம்மாவைப் போல நடந்துகொள்ள விரும்புகிறேன்."

பின்னால் வர்ஷா "அம்மா, அழாதே," என்பது கேட்டது.

"இன்னொரு தடவை மெதுவாச் சொல்லுங்க்கா," என்றாள் கோகிலா. "எங்கண்ணன்கிட்ட சொல்லணும்."